வந்து போகும் உத்தியோகம்: திருநெல்வேலிச் சீமையில் அயல்நாட்டார்

வேலைக்கென்று இந்தியாவுக்கு வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் அயல்நாட்டாரைச் சுற்றுலாப் பயணிகளோடு சேர்க்க முடியாது. குடியேறியவர்களோடும் சேர்க்க முடியாது. சுற்றுலா வந்தவருக்கு அடுத்த மாத மளிகைக் கணக்கு கிடையாது. குடியேறியவருக்குத் திரும்பும் தேதி கிடையாது. இடைப்பட்ட இவர்களுக்கு இரண்டும் உண்டு. திருநெல்வேலிச் சீமைக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக இப்படிப்பட்டவர்கள் வந்துபோகிறார்கள்: போர்த்துகல் அனுப்பிய பாதிரியார்கள், ஸ்காட்லாந்து மில் மானேஜர்கள், அமெரிக்க ஆய்வாளர்கள், ரஷ்ய அணுமின் பொறியாளர்கள். இவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி அமைந்தது என்பதைத் தங்கிய கால அளவைவிடச் செய்த வேலையே தீர்மானித்தது. ஒரு நாளில் உள்ளூர்க்காரர் எத்தனை பேரோடு பேசினால் வேலை நடக்கும் என்பதே கேள்வி. நாலு பேரோடு பேசினால் போதும் என்றால் ஊரும் அந்த நாலு பேரோடு நின்றுவிடும்.

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கத்திலேயே இதற்கு முதல் சான்று கிடைக்கிறது. பிரான்சிஸ் சேவியர் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இந்தக் கரையில் வேலை செய்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து மன்றாட்டுகளை மொழிபெயர்க்கச் செய்து, ஒலியை மனப்பாடமாக்கிக்கொண்டு, கையில் மணியடித்தபடி ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அன்றீக்கஸ் அடிகளுக்குப் போதவில்லை. அவர் ஊராரின் வழக்கைக் கேட்க வேண்டும், பாவமன்னிப்புக்கு வருபவர் சொல்வது புரிய வேண்டும். தமிழைக் கற்றார், இலக்கணக் குறிப்பு எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருடைய உழைப்பு. 1600-ல் இறக்கும்வரை இந்தக் கரையே அவருடைய களமாக இருந்தது. பாளையங்கோட்டை ரேனியஸ், இடையன்குடி கால்டுவெல், டோனாவூர் ஏமி கார்மைக்கேல் ஆகியோரும் இந்த வரிசையில் வருபவர்களே. மூவரும் இங்கேயே மண்ணாகிப் போனார்கள்; தற்காலிகமாக வந்தவர்கள் பற்றிய பேச்சில் அவர்களுக்கு இடமில்லை.

தவணை வைத்து வந்து, தவணை முடிந்ததும் கப்பலேறியவர்கள் ஹார்வி மில்காரர்கள். ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி நீர்வீழ்ச்சியின் விசையைக் கொண்டு நூற்பாலையை ஓட்டினார்கள். பின்னர் தூத்துக்குடியில் கோரல் மில்லும் மதுரையில் இன்னொரு மில்லும் எழுந்தன. இயந்திரங்களும் அவற்றை மேற்பார்க்கும் ஆட்களும் கடல் கடந்து வந்தார்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கம்பெனிகளின் பொது வழக்கப்படி இளம் உதவியாளர் நாலைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருவார். ஒப்பந்தம் முடிந்தால் சில மாதம் ஊர்விடுப்பு. பிறகு அடுத்த தவணை. முதல் தவணைக்குள் கல்யாணம் செய்யக்கூடாது என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைத்தன. குடியிருக்கக் கம்பெனி பங்களா, சமைக்க ஒரு பட்லர், வேனிற்காலத்துக்குக் குற்றாலம் அல்லது கொடைக்கானல். கொடைக்கானல் கிளப் 1887-ல் தொடங்கியது. மில்லுக்குள் இயந்திரச் சத்தம், வெளியே மேஸ்திரி. தொழிலாளியின் பேச்சு மேஸ்திரி வழியாகத்தான் மானேஜர் காதுக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் குறை 1908-ல் வெளிப்பட்டது. கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காகப் பேச வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் இருந்தார்கள். நேரடியாகப் பேசிப் பழகிய உறவு நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே இருந்திருந்தால் பேச்சு வேறு விதமாகவும் போயிருக்கக்கூடும். பங்களா அமைப்பு அதற்கு இடம் வைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்கள் முதலாளிகளாக வரவில்லை, அழைக்கப்பட்ட நிபுணர்களாக வந்தார்கள். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்து 1962-ல் மின்சாரம் தந்தது. ஒடிசாவின் ரூர்கேலா உருக்காலைக்கு ஜெர்மானியர்கள் வந்தார்கள். அங்கே அவர்கள் நடந்துகொண்ட விதம் அவர்களுடைய நாட்டிலேயே பேச்சுக்குள்ளாக, ஸ்பெர்லிங் என்பவர் ரூர்கேலா ஜெர்மானியரைப் பற்றி 1965-ல் தனி நூலே எழுதினார். ஒரு தொழில்நுட்பத் திட்டத்தில் மனிதர் எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் ஆராயப்பட வேண்டியது என்பதை அந்த நூல் காட்டியது. இந்தியாவில் இந்த வகை ஆய்வு பிறகு அதிகம் வளரவில்லை, அது ஒரு குறைதான்.

நெல்லைச் சீமையின் பெரிய உதாரணம் கூடங்குளம். ராஜீவ் காந்தியும் மிகயீல் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் ஒப்பந்தம் செய்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்ததால் திட்டம் பத்தாண்டு கிடப்பில் கிடந்து, 1998-ல் துணை ஒப்பந்தத்தால் உயிர்பெற்றது. 2002 மார்ச்சில் முதல் கான்கிரீட் போடப்பட்டது. முதல் அணு உலை 2013 ஜூலை 13-லும் இரண்டாவது 2016 ஜூலையிலும் தொடர்வினையைத் தொடங்கின. 3, 4-ஆம் உலைகளின் கட்டுமானம் 2017-லும் 5, 6-ஆம் உலைகளின் கட்டுமானம் 2021-லும் ஆரம்பமாயின. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். ஆக, ரஷ்யர்கள் இந்தக் கடற்கரைக்கு வரத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. தனி மனிதர் சில மாதத்திலோ சில ஆண்டிலோ போய்விடுவார். அவர் இருந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார்.

அவர்களுடைய வாழ்க்கையை ஒரு விஷயம் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டது. வடிவமைப்பும் முக்கியக் கருவிகளும் ரஷ்யாவுடையவை. கட்டுமானத்தை நடத்துவது இந்திய அணுமின் கழகம். எனவே வந்தவர்கள் கூலியாட்களாகவும் இல்லை, அதிகாரிகளாகவும் இல்லை. மேற்பார்வை, ஆலோசனை, சோதித்து ஒப்பளித்தல், இவைதாம் அவர்கள் வேலை. பேச வேண்டியது இந்தியப் பொறியாளர்களோடு. அதற்கு இரு தரப்புக்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலமும் மொழிபெயர்ப்பாளர்களும் போதும். தமிழ் தேவைப்படுவது காய்கறி வாங்கும்போது மட்டும்தான். குடியிருப்பு செட்டிகுளம் பக்கத்து அணுவிஜய் நகரியத்தில். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை எல்லாம் வேலிக்குள்ளேயே உண்டு. நிலையத்துக்கும் நகரியத்துக்கும் இடையே வண்டி போய்வரும். மில் பங்களாவின் இடத்தில் நகரியம் வந்திருக்கிறது. இவர்கள் எஜமானர்கள் அல்லர் என்பதும் பக்கத்து வீட்டில் தமிழ் அல்லது இந்தி பேசும் இந்தியப் பொறியாளர் இருக்கிறார் என்பதும் பெரிய வேறுபாடுகள்.

அயல்நாட்டார் இங்கே முதலில் சந்திப்பது காகிதம். வேலைக்கு வருபவருக்கு வேலை விசா வேண்டும். ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் குறையாத சம்பளம் என்றிருந்த விதி, பிறகு 16.25 லட்சம் ரூபாய் என்று மாற்றப்பட்டது. இந்தியரால் செய்யக்கூடிய வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கக்கூடாது என்பதே நோக்கம். இந்தச் சம்பள வரம்பிலிருந்து சிலருக்கு விலக்கு உண்டு: தத்தம் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளைக் கற்பிக்கும் ஆசிரியர். சோற்றுக்கும் பேச்சுக்கும் மாற்று ஆள் கிடைக்காது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் இது. 2009 வாக்கில் மின்நிலையக் கட்டுமானங்களுக்குச் சீனத் தொழிலாளர்கள் வணிக விசாவில் பெருவாரியாக வந்திருந்தது சர்ச்சையானது. அதையொட்டி மின்சாரம், உருக்கு ஆகிய இரு துறைகளுக்கென 2010-ல் திட்ட விசா என்னும் தனி வகை வந்தது. அதைப் பெற்றவர் குறிப்பிட்ட திட்டத்தில், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் வேலை செய்யலாம்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் 14 நாளுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது நெடுநாள் விதி. சென்னையில் அதற்கெனத் தனி அலுவலகம் உண்டு. மாவட்டங்களில் காவல் கண்காணிப்பாளரே பதிவு அதிகாரி. முன்பு அதற்காக மாவட்டத் தலைநகருக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. 2018 முதல் பெரும்பகுதி இணையவழிக்கு மாறிவிட்டது. 1939, 1946-ஆம் ஆண்டுச் சட்டங்களின் இடத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டார் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கணவரோடு வரும் மனைவிக்கோ மனைவியோடு வரும் கணவருக்கோ கிடைக்கும் விசாவில் சம்பாதிக்க முடியாது. ஊரில் ஆசிரியையாகவோ கணக்காளராகவோ இருந்த ஒருவர் நகரியத்தில் வேலையற்றவராக இரண்டு மூன்று ஆண்டு கழிக்க நேர்வது இதனால்தான். குடும்பத்தோடு வந்தவர் தவணை முடியுமுன்னே திரும்ப நினைத்தால், வெயிலைவிட இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெயிலும் குறைந்ததன்று. கூடங்குளம் இருக்கும் ராதாபுரம் வட்டாரம் மலையின் மழைமறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே வந்து சேர்வது காற்று மட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அது பாய்வதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். மழை ஐப்பசி கார்த்திகையில் வரும். குளிர்காலம் என்று ஒன்று வரும் என்று எதிர்பார்க்கும் ரஷ்யருக்கு மார்கழி இரவின் இதம்தான் மிஞ்சும். கம்பளிச் சட்டை பெட்டியிலேயே கிடந்து, திரும்பும் பயணத்தில் மறுபடி வெளிவரும். பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியே நடப்பதில்லை, தெருவில் நிழல் விழும் பக்கமாகவே போவது, வாசலில் செருப்பைக் கழற்றுவது, இவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் முதல் சில வாரங்களிலேயே படிந்துவிடும் பழக்கங்கள்.

சாப்பாட்டில் பிரச்சினை பாதி பாதி. பீட்ரூட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, காரட் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். ஆகவே போர்ஷ் சூப்புக்கு இடையூறில்லை. கெட்டித் தயிர் புளித்த பாலேட்டுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். ரஷ்யர்கள் எதிலும் தூவிச் சாப்பிடும் சதகுப்பைக் கீரை தென்மாவட்டக் கடைகளில் அரிது. அதன் விதை நாட்டு மருந்துக் கடையில் இருக்கும், பிள்ளை பெற்றவளுக்கு மருந்தாக. ரை தானியத்தில் செய்யும் கறுப்பு ரொட்டி கிடையாது; நம் பேக்கரி ரொட்டி அவர்கள் நாக்குக்குக் கேக்காகத் தெரியும் அளவு இனிப்பு. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் சீலாவும் நெத்திலியும் இருப்பதால் மீனுக்குப் பஞ்சமில்லை. மது சில்லறையாக வாங்க வேண்டுமென்றால் 2003 முதல் தமிழ்நாட்டில் அரசின் டாஸ்மாக் கடை மட்டுமே. காந்தி ஜெயந்தியன்று அதுவும் மூடியிருக்கும். ஓட்கா நாட்டுக்காரரும் வரிசையில் நிற்க வேண்டியவர்தான்.

வீட்டோடு பேசும் நேரத்தையும் பூமி தீர்மானிக்கிறது. மாஸ்கோ இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. 2011 முதல் 2014 வரை ரஷ்யா தன் கடிகாரத்தை மாற்றிவைத்திருந்த காலத்தில் ஒன்றரை மணி நேரம். இங்கே வேலை முடியும்போது அங்கே பிற்பகல், எனவே பேச வசதியான இடைவெளி. அமெரிக்கரோடு ஒப்பிட்டால் இது பாக்கியம். பண்டிகைகள் மட்டும் பொருந்துவதில்லை. பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ் ஜனவரி 7-ல் வருகிறது, வெற்றித் திருநாள் மே 9-ல். பொங்கலுக்கு இந்தியத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் நாட்களில் ரஷ்யர் தம் புத்தாண்டு விடுமுறையை முடித்துத் திரும்பியிருப்பார்கள்.

வேலி என்னதான் உயரமாக இருந்தாலும் வெளியே நடப்பது உள்ளே வந்துசேரும். 2011 ஆகஸ்டு, செப்டம்பரில் இடிந்தகரையை மையமாக வைத்து எழுந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தால் நிலையத்தின் வேலை பல மாதம் முடங்கியது; 2012 மார்ச் 19 அன்று மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தபின்தான் மறுபடி முழுவேகம் பெற்றது. போராட்டக்காரர்களுக்கு ரஷ்யர் பகைவர் அல்லர், அணு உலைதான் எதிரி. இருந்தாலும் நிபுணர்கள் அந்த மாதங்களில் தம் அன்றாடத்தைப் போராட்டச் செய்திகளோடு சேர்த்தே நடத்த வேண்டியிருந்தது. அதே காலத்தில் இன்னொரு வகை அயல்நாட்டார் மீதும் கண் விழுந்தது. சுற்றுலா விசாவில் வந்து நாகர்கோவிலில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவர், போராட்டத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு 2012 பிப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆதரவு தெரிவிக்க வந்த ஜப்பானியர் மூவருக்குச் சென்னை விமான நிலையத்திலேயே அனுமதி மறுக்கப்பட்டது. விசாவில் எழுதியிருக்கும் காரணத்துக்கு வெளியே ஓர் அயல்நாட்டார் எதைச் செய்தாலும் அரசாங்கம் பொறுக்காது என்பதற்கு இவை சான்று. ஒரு கருத்தைக் கேட்க வந்தவரையும் அஞ்ச வேண்டுமா என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அதற்கு நியாயமான பதில் இல்லை.

இரண்டு அதிர்ச்சிகள் பின்னர் வந்தன. 2020 மார்ச் கடைசியில் பன்னாட்டு விமானங்கள் நின்றன. தவணை முடிந்தவர் போக முடியவில்லை, மாற்று ஆள் வர முடியவில்லை. விசாக்களை அரசாங்கம் நீட்டித்துக்கொடுத்தது. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு ஆகிய இரு அட்டை நிறுவனங்களும் ரஷ்யாவில் தொழிலை நிறுத்தின. அந்நாட்டு வங்கிகள் தந்த அட்டைகள் வெளிநாடுகளில் செல்லாமல் போயின. ஊரில் சேமிப்பு இருந்தும் இங்கே அட்டையால் எடுக்க இயலாத நிலை. உள்ளூர் வங்கிக் கணக்கும் அதில் விழும் சம்பளமும் அன்றிலிருந்து முன்னைவிட முக்கியமாயின. கணக்கு இருந்தால் கைப்பேசிவழிப் பணம் செலுத்துவதும் எளிது. முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்த அயல்நாட்டார் ஆதார் எண்ணும் பெறலாம்.

நகரியம் இல்லாமல் வாழ்ந்தவர்களின் கதை வேறு. ஆய்வாளர்கள் அந்த வகை. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1970களின் கடைசியில் வில்லுப்பாட்டை ஆராய வந்தார். கொடை நடக்கும் கோயில்களில் விடிய விடிய உட்கார வேண்டிய வேலை அது. அவருடைய நூல் 1988-ல் வெளிவந்தது. டயான் மைன்ஸ் 1980களின் பிற்பகுதியில் நெல்லை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடியிருந்து, சாமி, சாதி, கௌரவம் ஆகியவற்றின் உறவை ஆராய்ந்து 2005-ல் நூலாக்கினார். இவர்கள் தங்கிய காலம் ஒரு பொறியாளர் தங்கும் காலத்தைவிட நீண்டதன்று. எந்தத் தெருவில் யார் யாரோடு பேசுவார்கள், எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதெல்லாம் அவர்களுடைய வேலைக்கே கச்சாப்பொருள், ஆகவே தமிழ் பேசினார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கத்துக்கு வரும் அயல்நாட்டுத் தன்னார்வலர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவர்கள். மாற்றுத்திறன் குழந்தைக்குப் பயிற்சி தர அந்தக் குழந்தையின் தாயோடு பேசியாக வேண்டும்.

இப்படி ஒருவர் முக்கூடல் போன்ற பேரூராட்சியில் வீடெடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்கலாம். அயல்நாட்டாரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். இது ஓட்டலுக்கு மட்டும் என்று பல வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து, திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் கேட்கும் கேள்விகள்: எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா, பிள்ளை எத்தனை, சம்பளம் எம்புட்டு. மேலைநாட்டாருக்கு இது துருவல். கேட்பவர்களுக்கு மரியாதை, கேட்காமல் விட்டால்தான் ஒதுக்கியதாக அர்த்தம். கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிடக் கற்றுக்கொண்டவருக்குக் கணக்கில் கடன் கிடைக்கும். தெருப்பிள்ளைகள் சில நாள் வெள்ளைக்காரன் என்று பின்னால் ஓடிவந்துவிட்டுப் பிறகு விளையாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். கோயிலில் சில எல்லைகள் உண்டு. பல பெரிய கோயில்களில் இந்து அல்லாதார் கொடிமரம் தாண்டக்கூடாது என்ற பலகை இருக்கிறது. பழனிக் கோயில் வழக்கில் 2024 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதிசெய்தது. திருச்செந்தூர் போனால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சோறு வலக்கையால்தான், கொடுக்கல் வாங்கலும் அப்படியே. இவற்றில் தவறினால் ஊர் கோபிப்பதில்லை, சிரிக்கும். அதைத் தாங்கத் தெரிந்தவர் நிலைப்பார்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக் கொரியர், ஜப்பானியர் வாழ்க்கை இதற்கு எதிர்ப்பக்கம். ஹூண்டாய் 1990களின் பிற்பகுதியில் அங்கே தொழிற்சாலை கட்டியதிலிருந்து மேலாளர்கள் சில ஆண்டுக்கொருமுறை மாறிமாறி வருகிறார்கள். எண்ணிக்கை பெருகியதும் சென்னையில் கொரிய உணவகமும் மளிகைக் கடையும் வந்துவிட்டன. வேலி கட்டாமலே வேலி உருவாகியிருக்கிறது. ஊரோடு பழகுவதற்கான கட்டாயம் நகரத்தில் இன்னும் குறைவு.

தவணை முடியும்போது மறுபடி காகிதம். இந்தியாவில் ஓர் ஆண்டில் 182 நாள் தங்கியவர் வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் ஆகிறார். வேலைக்கென்று வந்து சம்பாதித்தவர் நாட்டைவிட்டுப் போகுமுன், வரிப் பாக்கி இருந்தால் தாம் பொறுப்பு என்று வேலை கொடுத்தவர் எழுதித்தந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்றும் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. கட்டில், குளிர்சாதனப் பெட்டி, சைக்கிள் எல்லாம் அடுத்து வருபவருக்குக் கைமாறும். வருங்கால வைப்புநிதியில் மட்டும் சிக்கல் நீடிக்கிறது. 2008 அக்டோபர் முதல் அயல்நாட்டு ஊழியருக்கு அது கட்டாயம். உள்ளூர் ஊழியருக்குள்ள சம்பள உச்சவரம்பு இவர்களுக்குக் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா போன்ற நாடுகளோடு இந்தியா சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருப்பதால் அந்நாட்டாருக்கு விலக்கோ, போகும்போதே பணத்தை எடுக்கும் வசதியோ இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாத நாட்டார் பொதுவாக 58 வயதுவரை காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலிலும், செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-லும் தீர்ப்பளித்திருக்கின்றன.